செம்மரம் போய்ச் சேரும் பட்டறைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் சென்ற வாரம் செம்மரக் கடத்தல் குறித்து வெளியான செய்தியை இருமுறை படித்தேன். பிடிபட்ட கட்டைகள் "சீனாவுக்குக் கடத்தப்பட்டு, அங்கே போலிப் பழங்கால மரச்சாமான்கள் செய்யப் பயன்படுகின்றன" என்று அதில் ஒரு வரி இருந்தது. செய்தியின் மற்ற விவரங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும், தச்சுக் குடும்பத்தில் பிறந்து, பினாங்கில் 19 ஆண்டுகள் சீன மரச்சாமான்களைப் பழுதுபார்த்தும் பழைய மாதிரியில் புதிதாகச் செய்தும் பிழைத்தவன் என்ற முறையில், சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். பழைய மாதிரியைப் பார்த்து இன்று ஒரு நாற்காலியைச் செய்வது போலித் தொழில் ஆகாது. அது சீனத்தில் நெடுங்காலமாக மதிப்புடன் நடந்துவரும் கைத்தொழில். அந்தத் தொழிலுக்குள் பொய் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், நம் மலைக்காட்டு மரம் எதற்காக வெட்டப்படுகிறது என்பதும் சரியாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

1997-இல் நான் பினாங்குக்குப் போனபோது எனக்கு வயது 26. ஜார்ஜ் டவுனில் ஹொக்கியன் மொழி பேசும் சீனர் ஒருவருடைய பட்டறையில் வேலை கிடைத்தது. முதலாளியைத் தவுக்கே என்றும் தலைமைத் தச்சரைச் சிஃபூ என்றும் அழைப்போம். சிஃபூ அப்போதே எழுபதை நெருங்கியவர். அவருக்கு ஹொக்கியனும் மலாயும் தெரியும். எனக்குத் தமிழும் அரைகுறை மலாயும் தெரியும். ஆகவே பேச்சு குறைவாகவும், அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது அதிகமாகவும் இருந்தது. முதல் ஆறு மாதம் எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரே வேலை, உடைந்து வந்த பழைய நாற்காலிகளையும் அலமாரிகளையும் பிரித்து வைப்பது. எங்கே ஆணி அடித்திருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் பார்த்து, ஆணியே இல்லை என்று நான் உணர்ந்துகொள்ளச் சில நாள்கள் ஆயின. மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை மட்டும் சில மூட்டுகளில் இருந்தது. வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் அதுவும் இளகிவிடும். என்றைக்காவது ஒரு நாள் வேறொரு தச்சர் இதைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணியே முதலில் செய்தவர் செய்திருக்கிறார்.

நாம் 'பழங்காலச் சீன மரச்சாமான்' என்று சொல்வது பெரும்பாலும் மிங் அரசமரபின் பிற்பகுதியிலும், அதன்பின் 1644 முதல் 1911 வரை ஆண்ட சிங் அரசமரபின் காலத்திலும் செய்யப்பட்டவற்றை. 1567-இல் மிங் அரசு கடல் வாணிகத்தின் மீதிருந்த தடையைத் தளர்த்தியபின், தெற்கிலிருந்து வைரம் பாய்ந்த கடின மரங்கள் கப்பல்களில் வந்து இறங்குவது பெருகியது. அதுவரை அரக்குப் பூசிய சாமான்களே செல்வர் வீடுகளில் சிறப்பாகக் கருதப்பட்டன. மரத்தின் வரியையே அலங்காரமாக விட்டுவிட்டு, கோட்டிலும் அளவிலும் மட்டும் அழகைக் காட்டும் முறை சுசோவ் முதலிய யாங்சி ஆற்றுக் கீழ்க்கரை நகரங்களில் வேர்விட்டது. கடின மரம் வந்ததனால் மெல்லிய கழுந்தும் (ஒரு சட்டத்தின் முனையில் நாக்குப்போல் செதுக்குவது), அது நுழையும் நுட்பமான துளையும் வெட்ட முடிந்தது. மென்மரத்தில் அவ்வளவு மெல்லிய கழுந்து தாங்காது. இந்த இணைப்பு முறையைச் சீனத்தில் 'சுன்மாவ்' என்பார்கள். 'சுன்' என்பது கழுந்து, 'மாவ்' என்பது துளை.

இந்த மூட்டுகளைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் என் வாதம் முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒரு மேசையின் மேற்பலகையை எடுத்துக்கொள்வோம். பலகைகளை ஒட்டி, கீழே சட்டம் கொடுத்து ஆணி அடித்துவிட்டால், இரண்டு கோடை கழிவதற்குள் பலகை வெடித்துவிடும் என்பது நம் ஊர்த் தச்சர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. மரம் நீளவாக்கில் அசைவதில்லை. அகலவாக்கில்தான் மழைக்காலத்தில் விரிந்து வெயிலில் சுருங்குகிறது. ஆணி அந்த அசைவைத் தடுக்கும்போது பலகை பிளக்கிறது. சீனத் தச்சர் நான்கு சட்டங்களை மூலைகளில் 45 பாகையில் சேர்த்து, அவற்றின் உட்புறம் ஓடும் பள்ளத்தில் பலகையின் விளிம்பை நுழைத்து, ஒட்டாமல் விட்டுவிடுகிறார். பலகையின் அடியில் குறுக்காக ஒரு சட்டம், புறாவால் வடிவத்தில், ஒரு முனை சற்று அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் செதுக்கப்பட்டு, தட்டத் தட்ட இறுகும்படி செலுத்தப்படுகிறது. அது பலகையை வளையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதே சமயம், விரிந்து சுருங்க இடமும் தருகிறது. சட்டத்தின் மூலைகள் சாய்வாகச் சேர்வதனால், மரத்தின் வெட்டுமுகம் எங்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஈரமான பினாங்கிலும் குளிர்காலத்தில் எலும்பாய்க் காயும் பெய்ஜிங்கிலும் ஒரே முறையில் செய்த மேசை நிற்பதற்கு இந்த ஒட்டாத பலகைதான் காரணம்.

நாற்காலிக்கு வருகிறேன். 'அதிகாரியின் தொப்பி' என்று பெயர் பெற்ற நாற்காலி வகையில் பின்னங்காலும் முதுகுச் சட்டத்தின் தூணும் ஒரே மரம். அது இருக்கைச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. இருக்கைக்குக் கீழே அதன் வெளிப்புறம் வட்டமாகவும் உட்புறம் சதுரமாகவும் இருக்கும். மேலே போனதும் முழு வட்டமாகிவிடும். இந்தச் சிறிய மாற்றத்தினால் ஏற்படும் விளிம்பின் மீது இருக்கைச் சட்டம் வந்து அமர்ந்துகொள்கிறது. கால்களுக்கு நடுவே போகும் குறுக்குச் சட்டங்களைக் கவனித்தால், முன்னால் இருப்பது தாழ்ந்தும், பக்கவாட்டில் இருப்பவை சற்று உயர்ந்தும், பின்னால் இருப்பது இன்னும் உயர்ந்தும் இருக்கும். 'படிப்படியாக ஏற்றம்' என்று அதற்கு ஒரு மங்கலப் பெயர் உண்டு; உத்தியோகத்தில் உயர்வு கிட்டும் என்று வாங்குபவர் மகிழ்வார். சிஃபூ எனக்குக் காட்டிய காரணம் வேறு. எல்லாச் சட்டங்களும் ஒரே உயரத்தில் வந்தால், ஒரு காலில் இரண்டு துளைகள் ஒரே இடத்தில் சந்தித்து அந்தக் கால் பலமிழந்துவிடும். உயரத்தை மாற்றிவிட்டால் துளைகள் ஒன்றுக்கொன்று விலகிக்கொள்கின்றன.

வட்டமுதுகு நாற்காலியின் கைப்பிடி இன்னும் கடினம். குதிரைலாடம் போல வளையும் அந்தக் கைப்பிடியை வளைத்துச் செய்வதில்லை. மூன்று அல்லது ஐந்து துண்டுகளை வளைவாகவே அறுத்து இணைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் முனையும் பாதி வெட்டப்பட்டு, ஒன்றின் மீது ஒன்று படிந்து, நடுவே உள்ள சிறு சதுரத் துளையில் ஓர் ஆப்பு இறக்கப்படும். ஆப்பு இறங்கியதும் இரண்டு துண்டுகளும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையாமல் பூட்டிக்கொள்ளும். நன்றாகச் செய்திருந்தால் விரலால் தடவினாலும் இணைப்பு தெரியாது. நான் செய்த முதல் கைப்பிடியைச் சிஃபூ தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விறகுக் குவியலில் வைத்துவிட்டார். நான்காவதைத்தான் நாற்காலியில் ஏற்ற அனுமதித்தார்.

மூன்று சட்டங்கள் ஒரே மூலையில் சந்திக்கும் இணைப்பு ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தாலும் இரு பக்கங்களிலிருந்து பார்த்தாலும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சாய்கோடு மட்டும் தெரியும். இலையில் முக்கோணமாகக் கட்டி வேகவைக்கும் சீன அரிசிப் பண்டத்தின் மூலையை ஒத்திருப்பதால் அதற்கு அந்தப் பண்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். உள்ளே மூன்று சட்டங்களின் கழுந்துகளும் ஒன்றையொன்று இடிக்காமல் விலகிப் போவதை வரைந்து பார்த்தால்தான் புரியும். அலமாரிகளிலும் நமக்கு நெருக்கமான ஒன்றைக் கண்டேன். மிங் பாணியின் வட்டமூலை அலமாரிக்கு இரும்புக் கீல் கிடையாது. கதவுச் சட்டத்தின் மேலும் கீழும் நீளும் குடுமி, மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் உள்ள குழியில் சுழல்கிறது. நம் பழைய வீடுகளின் குடுமிக் கதவைப் போட்டுப் பழகிய என் தாத்தா அதைப் பார்த்திருந்தால், தனக்குத் தெரிந்த வேலை என்று உடனே சொல்லியிருப்பார்.

பழைய நாற்காலியைப் பார்த்துப் புதிதாகச் செய்யும் வேலை அளவெடுப்பதில் தொடங்குகிறது. வளைவுகளை அளவுகோலால் பிடிக்க முடியாது என்பதால், மெல்லிய பலகையில் ஒவ்வொரு பாகத்துக்கும் உண்மை அளவில் அச்சு வெட்டி வைத்துக்கொள்வோம். காலின் சாய்வு, முதுகுப் பலகையின் நெளிவு, சட்டத்தின் விளிம்பில் ஓடும் சிறு வரை ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனி அச்சு உண்டு. கால்கள் செங்குத்தாக நிற்பது போலக் கண்ணுக்குத் தோன்றினாலும், மேலிருந்து கீழே சற்று விரிந்தே நிற்கும். அந்தச் சிறு சாய்வை விட்டுவிட்டுச் செய்த நாற்காலி அளவில் சரியாக இருந்தாலும், பார்ப்பதற்கு மேற்பகுதி பெருத்துக் கவிழ்வது போல இருக்கும். மலிவு நகல்களில் முதலில் கெட்டுப்போவது இதுதான். இன்று பல பட்டறைகளில் துளையும் பூ வேலையும் கணினி இயந்திரம் வெட்டித் தருகிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சுழலும் வெட்டியால் உள்மூலையைச் சதுரமாக எடுக்க முடியாது. அதற்கு இன்றைக்கும் உளியும் கொட்டாப்புளியும் வேண்டும்.

கடைசிப் பூச்சில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். பெய்ஜிங் பட்டறைகளில் மெழுகைக் கரிநெருப்பின் வெப்பத்தால் உருக்கி மரத்துக்குள் ஊறவைத்து, பின் துணியால் தேய்த்துத் தேய்த்து எடுப்பார்கள். சுசோவ் பக்கத்தில் அரக்கு மரத்தின் பாலை மெல்லிய படலமாகப் பலமுறை துடைத்துத் துடைத்து ஏற்றுவார்கள். நம் அரக்கு பூச்சியிடமிருந்து கிடைப்பது. சீன அரக்கோ மரத்தைக் கீறி எடுக்கும் பால். அது வெயிலில் காயாது, ஈரக் காற்றில்தான் இறுகும். முந்திரிக்கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துபோவது போல இதுவும் தோலைப் புண்ணாக்கும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். இந்தப் பூச்சு வேலைக்கு வந்த முதல் மாதம் என் இரு கைகளும் முழங்கை வரை வீங்கிக் கிடந்தன.

பார்த்துச் செய்வது இழிவு என்ற எண்ணம் அந்தத் தொழிலில் இல்லை. சிற்பியும் நட்டுவனாரும் நாகசுரக்காரரும் குருவின் வழியை அப்படியே கைப்பற்றித்தான் வளர்கிறார்கள் என்பதை அறிந்த நமக்கு இது விளங்கக் கடினமானதன்று. சிங் பேரரசர் சியென்லுங் 1736 முதல் 1795 வரை ஆண்ட காலத்தில், அரண்மனைப் பட்டறைகளிலேயே பழைய வடிவங்களைத் தழுவிப் பொருள்கள் செய்யப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கலை மங்கியபோது, பெய்ஜிங்கில் இருந்த ஜெர்மானியர் குஸ்தாவ் எக்கே 1944-இல் மிங் மரச்சாமான்களின் அளவு வரைபடங்களுடன் ஒரு நூலை வெளியிட்டார். அந்த வரைபடங்களை வரைந்தவர் யாங் யாவ் என்ற சீனர். அதன்பின் வாங் ஷிஷியாங், தாம் பல பத்தாண்டுகள் தேடிச் சேர்த்தவற்றையும் மற்றவர்களிடம் கண்டவற்றையும் கொண்டு 1985-இல் ஒரு பெரும் படநூலைக் கொண்டுவந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த 79 பொருள்கள் இன்று ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய நூல்களின் படங்களைப் பார்த்து எண்ணற்ற பட்டறைகள் நாற்காலி செய்தன. எங்கள் பட்டறையிலும் அதன் பக்கங்கள் அரக்குக் கறையோடு கிடந்தன. சுசோவின் மிங் பாணி மரச்சாமான் தொழிலைச் சீன அரசு 2006-இல் தேசிய மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. பெய்ஜிங்கின் கடின மரத் தொழில் 2008-இல் சேர்ந்தது. இப்படி நாடே போற்றி வைத்திருக்கும் ஒரு தொழிலைப் 'போலி' என்ற ஒரு சொல்லால் கடந்து போவது எனக்கு வருத்தம் தருகிறது.

போலி இல்லவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சீன மொழியிலேயே இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ஃபாங்கு' என்றால் பழமையைப் பின்பற்றிச் செய்தல். 'சுவோஜியு' என்றால் பழையதாக்குதல். முன்னதைச் சிஃபூ வாழ்நாள் முழுவதும் செய்தார். பின்னதைத் தொட மறுத்தார். தாம் செய்த ஒவ்வொரு நாற்காலியின் இருக்கைக்கு அடியிலும், தூரிகையால் ஆண்டை மட்டும் எழுதிவிடுவது அவர் வழக்கம். தம் பெயரைக்கூட எழுதமாட்டார்.

2003-ஆம் ஆண்டு என்று நினைவு. ஒரு வியாபாரி வந்து, நாங்கள் புதிதாகச் செய்து வைத்திருந்த அலமாரி ஒன்றைப் பழையதாக்கித் தரும்படி கேட்டார். இடிந்த வீடுகளிலிருந்து வந்த பழைய எல்ம் மர உத்திரங்களில் செய்த அலமாரி அது. ஆகவே மரம் உண்மையிலேயே பழையது, வேலை மட்டும் புதியது. தவுக்கே ஒப்புக்கொண்டார். சிஃபூ அன்று பட்டறைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அவர் செய்யாததை நான் செய்தேன். சங்கிலியால் அடித்து விளிம்புகளை நசுக்கினேன். கடுந்தேயிலைச் சாற்றையும் பெர்மாங்கனேட் கரைசலையும் பூசினேன். புகைக்கரியை மெழுகில் குழைத்து மூலைகளில் அழுத்தினேன். அடியில் எழுதியிருந்த ஆண்டைச் சுரண்டி எடுத்தேன். அந்த அலமாரி 150 ஆண்டுப் பழமை என்ற பெயரில் விற்றதாகப் பின்னர் தெரிந்தது. எனக்குக் கூடுதலாகக் கொடுத்த கூலியை ஊருக்கு அனுப்பினேன். அந்தக் காசு எதற்குச் செலவாயிற்று என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதனால்தான் இதை எழுதவும் துணிகிறேன். சிஃபூ அதன்பின் ஒரு மாதம் எனக்கு எந்த இணைப்பையும் சொல்லித்தரவில்லை.

அப்படிச் செய்தவன் என்பதால் கண்டுபிடிக்கும் வழியும் எனக்குத் தெரியும். உண்மையான தேய்மானம் மனிதர் கைபட்ட இடத்தில் மட்டும்தான் இருக்கும்: கைப்பிடியின் நுனி, பாதம் வைக்கும் முன்சட்டத்தின் நடுப்பகுதி, கதவைத் திறக்கும் பக்கத்து விளிம்பு. பழையதாக்கியவற்றில் தேய்மானம் எங்கும் ஒரே சீராக, யாரும் கைவைக்காத பின்காலில்கூட இருக்கும். பழைய பலகை அகலவாக்கில் சுருங்கியிருப்பதால், சட்டத்தின் ஓரத்தில் பூச்சுப் படாத வெளிறிய கோடு ஒன்று தெரியும்; வட்டமாக அறுத்த மேசைப் பலகையை அளந்தால், காலப்போக்கில் அது சற்றே முட்டை வடிவமாகியிருக்கும். பலகையின் அடியில் வட்டமான வாள்தடம் இருந்தால் அது இயந்திர வாளின் வேலை. மூட்டைச் சற்று விலக்கித் துளைக்குள் பார்த்தால், புதிய மரத்தின் வெளிர் நிறத்தை எந்தத் தேயிலையும் மறைத்திருக்காது.

இனி, செம்மரத்துக்கு வருகிறேன்.

2009-இல் மரம் வாங்குவதற்காகத் தவுக்கேயுடன் ஃபுஜியன் மாகாணத்தின் சியென்யோவுக்குப் போனேன். ஊர் முழுவதும் மரச்சாமான் பட்டறைகள். ஒரு கொட்டகையில், கருஞ்சிவப்பாக, தோல் சீவிய கட்டைகள் அடுக்கியிருந்தன. சீனர் அதை 'ஸிதான்' என்கிறார்கள். ஒரு சீவலை எடுத்து ஈரக்கல்லில் தேய்த்தேன். நெஞ்சு அடைத்துவிட்டது. என் பாட்டி குழந்தைகளின் வீக்கத்துக்கு உரைத்துப் பூசும் இரத்தச்சந்தனம் அது; கொலுவில் வைக்கும் மரப்பாச்சியின் மரம் அது. ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளிலும், அவற்றை ஒட்டிய தமிழக எல்லையிலும் அன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடிபோல் மின்னும். மிக நுண்ணிய செதுக்கலையும் தாங்கும். சியென்லுங் காலத்து அரண்மனை அதைப் போற்றி இருப்பு வைத்துக்கொண்டதனால், அரசரின் மரம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

2000-இல் சீனம் 'ஹொங்மு', அதாவது செந்நிறக் கடின மரம், எவை என்று வரையறுத்து ஒரு தரநிலையை வெளியிட்டது. 33 மர இனங்கள் அதில் இடம்பெற்றன. 2017-இல் அவற்றை 29 ஆகக் குறைத்தார்கள். ஸிதான் என்ற வகுப்பில் இருப்பது ஒரே ஒரு இனம், நம் செம்மரம். வாங்குபவர் மோசம் போகாமல் இருக்கவே அந்தப் பட்டியல் வந்தது. ஆனால் பட்டியலில் உள்ள மரமா இல்லையா என்பதே பலருக்கு முதல் கேள்வியாகி, நாற்காலி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. மரத்தை எடைபோட்டு மதிப்பிடும் பழக்கம் வந்தது. மெல்லிய கோடுகளால் ஆன மிங் நாற்காலியை விட்டுவிட்டு, மரம் அதிகமாக இருக்கிறது என்பதற்காகவே தடித்த அரியணைகளை வாங்கினார்கள். மடகாஸ்கரில் வளரும், நம் ஈட்டி மரத்தின் பேரினமான டால்பெர்ஜியாவைச் சேர்ந்த ஒரு மரம் ஸிதான் என்ற பெயரில் விற்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளும் வெட்டப்பட்டன. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்துவது 'சைட்டிஸ்' உடன்படிக்கை. டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 சனவரியில் அதன் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. நம் செம்மரமோ அந்தப் பட்டியலில் 1995-இலேயே சேர்ந்துவிட்டது.

கடத்தலுக்கு உயிர் கொடுப்பது இந்த மரப்பித்தும் முதலீட்டு ஆசையுமே என்பது என் உறுதியான கருத்து. தச்சுக்கலைக்கு அந்த மரம் கட்டாயம் அன்று. சிஃபூ தம் கையால் செய்த மிகச் சிறந்த நாற்காலி தேக்கில் செய்தது. சீனத்திலேயே வடக்கில் எல்ம், வால்நட் மரங்களிலும், சுசோவ் பக்கத்தில் ஜூமு என்ற உள்ளூர் மரத்திலும் அதே மூட்டுகளோடு அழகான சாமான்கள் செய்திருக்கிறார்கள். மூட்டின் அறிவுக்கு விலை கொடுக்கும் சந்தை இருந்தால், எந்த நல்ல மரமும் போதும். மரத்தின் பெயருக்கு மட்டுமே விலை கொடுக்கும் சந்தைக்கு, மலையில் ஒரு மரம் மிஞ்சும் வரை போதாது.

அந்தச் சந்தையின் மறுமுனையில் இருப்பவர்கள் என் மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலையிலிருந்து, ஒரு நாள் கூலிக்கு ஆசைப்பட்டு, எந்தக் காட்டுக்குப் போகிறோம் என்றுகூடத் தெரியாமல் வண்டி ஏறியவர்களை எனக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படையினரால் தமிழர் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர்; அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அப்போது நான் பினாங்கில்தான் இருந்தேன். பட்டறையில் செய்தியைச் சொன்னபோது, இளைய தச்சர்களில் ஒருவர்கூட அந்த மரம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஊர் திரும்பிவிட்டேன்.

சட்டத்துக்கு உட்பட்ட வழியும் திறந்துதான் இருக்கிறது. 2004 முதல் இந்தியாவின் செம்மர ஏற்றுமதி சைட்டிஸ் அமைப்பின் சிறப்பு மறுஆய்வில் இருந்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த நிலைக்குழுக் கூட்டத்தில் அந்த மறுஆய்வு விலக்கிக்கொள்ளப்பட்டது. பட்டா நிலத்தில் செம்மரம் வளர்த்துவிட்டு, விற்க வழி தெரியாமல் இருந்த உழவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதுபற்றி விரிவான கட்டுரை எதையும் நான் தமிழ் நாளிதழ்களில் காணவில்லை. வெட்டு அனுமதி, போக்குவரத்துச் சீட்டு, ஏற்றுமதிச் சான்று ஆகியவற்றை ஓர் உழவர் எங்கே, எந்த வரிசையில் பெற வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வனத்துறையினரிடம் கேட்டு எழுதினால், போளூர், செங்கம் பக்கத்தில் பலருக்கு உதவும். நட்டு வளர்த்த மரத்துக்கும் காட்டில் திருடிய மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சான்றிதழோடு காட்டினால், நேர்மையான சீனப் பட்டறைகளும் அதைக் கேட்டு வாங்கும் என்று அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நம்புகிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த முறை இதுபோன்ற செய்தி எழுதும்போது, வயதை மறைத்து விற்பவற்றுக்கு மட்டும் 'போலி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் 'பழைய மாதிரியில் செய்யப்படும் மரச்சாமான்கள்' என்று குறிப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன். காரைக்குடியில் பழம்பொருள் தேடி வாங்கும் நம் வாசகர்களுக்கும் அந்த வேறுபாடு பயன்படும்.

இப்போது நான் வேங்கையிலும் பூவரசிலும் சிறு முக்காலிகளும் மேசைகளும் செய்கிறேன். வேங்கை செம்மரத்துக்குப் பங்காளி, ஒரே பேரினம். உளிக்கு நன்றாக வளைந்து கொடுக்கிறது. இரண்டு பையன்கள் வந்து கற்றுக்கொள்கிறார்கள். செய்த ஒவ்வொன்றின் அடியிலும் ஆண்டை எழுதிவிடுகிறோம். மூன்று சட்டங்கள் ஒரே மூலையில் சேரும் அந்த இணைப்பை, பிரித்த நிலையிலும் சேர்த்த நிலையிலும் வரைந்து, தமிழில் அளவு குறித்து இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். கடிதத்துக்கு இடம் போதாவிட்டால் இதைச் சுருக்கிக்கொள்ளலாம். வரைபடத்தை மட்டும், கழுந்துகளின் அளவு படிக்கும்படி தெளிவாக வெளியிட வேண்டுகிறேன். பார்த்துச் செய்துபார்க்க விரும்பும் தச்சர் யாரேனும் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெறாத ஒரு தச்சர்,
போளூர், திருவண்ணாமலை மாவட்டம்.